ஆடாத இரண்டு கோடுகள்

கணினித் திரையில் இரண்டு கோடுகள் அசைவே இல்லாமல் நேராகக் கிடந்தன. மூன்றாவது மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. வெளியே விடாத மாரி மழை. எங்கள் பொறியியலாளர், ஏறாவூர்க்காரர், தேநீரை ஆறவிட்டு அந்தக் கோடுகளையே முறைத்துக்கொண்டிருந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அண்ணன் என்ற முறையில் நான் அவரை 'நானா' என்றுதான் கூப்பிடுவேன்.

மட்டக்களப்பு வாவியின் நீர்மட்டத்தை அளக்க எங்கள் சிறிய அலுவலகம் மூன்று இடங்களில் கருவி வைத்திருந்தது. வந்தாறுமூலைப் பக்கம் ஒன்று, நகரத்தில் ஒன்று, தேற்றாத்தீவில் ஒன்று. ஒன்றை வெள்ளம் கொண்டுபோனாலும் பதிவு அழியக்கூடாது என்பதற்காக மூன்று கணினிகளும் முழுப் பதிவையும் பிரதி எடுத்து வைத்திருந்தன. ஏதாவதொன்று பழுதாகி உளறலாம் என்பதால், இரண்டு ஒத்துச் சொல்வதே முடிவு. அதுதான் மூன்றிலும் எழுதப்படும். அன்று இரண்டு கருவிகள் நீர் ஏறவில்லை என்றன. ஏறுகிறது என்று சொன்ன தேற்றாத்தீவு தோற்றது. அதன் சொந்தப் பிரதியிலும் 'ஏறவில்லை' என்றே பதிவானது.

அந்தப் பதிவை வைத்துத்தான் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டுவதா என்று தீர்மானிப்பார்கள். வெட்டினால் வயல் வெள்ளம் கடலுக்கு வடியும். வாவி இறாலும் அதோடு போய்விடும். அதற்காக விவசாயிகளும் மீனவர்களும் கூடிய கூட்டத்தில் நானா எழுந்து, ஒத்துவந்த கணக்கை நம்பவேண்டாம் என்றார். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவருடைய மச்சானின் வயல் வாவியோர வயல்வெளியான வட்டையில்தான் மூழ்கிக்கொண்டிருந்தது.

"மச்சான்ட வயலுக்கு மெசினும் சாட்சி சொல்லுதோ?" என்றார் மீனவர் சங்கத் தலைவர்.

எனக்கும் உள்ளே உறுத்தியது. அதற்கு முந்திய வாரம் நானா யாரையும் கூட்டிக்கொள்ளாமல் தேற்றாத்தீவுக்குப் போய்வந்திருந்தார்.

அவர் கோபப்படவில்லை. "என்னை நம்ப வேணாம். வாவித் தண்ணி காத்தடிச்சாலே ஆடும். இந்த ரெண்டும் ஒரு நூல்கூட அசையாமக் கிடக்கி. அதுதான் எனக்குச் சந்தேகம்" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "நீங்க போய்ப் பாருங்க தங்கச்சி. நான் வந்தா நான்தான் கை வெச்சன் எண்டுவாங்க" என்றார்.

சங்கத் தலைவரும் ஒரு விவசாயியும் என்னோடு தோணியில் வந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தார்கள். நகரத்துக் கருவி நின்ற கம்பத்தில் எச்சரிக்கைக்காகப் பூசியிருந்த சிவப்புக் கோட்டைக் காணவில்லை. தலைவர் கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டுத் தடவித்தான் அதைக் கண்டுபிடித்தார். கையை வெளியே எடுத்து உதறினார். கடைசியில், "ஏறித்தான் இரிக்கி" என்றார்.

கருவிகளை விற்ற நிறுவனம் அனுப்பிய புதிய மென்பொருளில்தான் பிழை. உணரி ஒருமுறை விடை தராவிட்டாலும் அதன்பிறகு பழைய அளவையே அது திரும்பத் திரும்பச் சொல்லும். இரண்டு சாட்சிகள் என்று நாங்கள் நம்பியவை ஒரே பிழையின் இரண்டு பிரதிகள். தேற்றாத்தீவில் சிக்னல் மோசம் என்பதால் அங்கே அந்த மென்பொருள் ஏறவில்லை. நானா தனியே போனதும் அதை ஏற்றிப் பார்க்கத்தான், முடியாமல் திரும்பியிருக்கிறார்.

மணல்திட்டை வெட்டினார்கள். வட்டையில் பாதி தப்பியது. மச்சானின் வயலும் தப்பியதால் ஊர்வாய் மட்டும் ஓயவில்லை. அடுத்த வருஷம் நானா கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார்.

இப்போது மூன்று கருவிகளும் வெவ்வேறு நிறுவனங்களுடையவை. மழை என்று கேள்விப்பட்டால் நானா அங்கிருந்து விசாரிப்பார். போன வாரமும் கேட்டார். "மூண்டும் ஒத்து வருது நானா, பயமில்ல" என்று செய்தி அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: "சரி. ஆரு போய்ப் பார்த்த?"

மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு வாவிக்கரைக்குப் புறப்பட்டேன்.