வெறுங்கையோடு மலைக்கு வந்தவர்கள்

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் காலியான வருஷம், எங்கள் திருத்தணியில் வாடகைக்கு வீடே கிடைக்கவில்லை. மாட்டுக் கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு அதற்கும் அட்வான்ஸ் வாங்கினார்கள். வந்தவர்களில் பலர் பெரிய மனிதர்கள். முதல் வாரம் தினமும் படியேறிச் சாமி கும்பிட்டார்கள். அடுத்த வாரமே அது அலுத்துவிட்டது. அதற்கப்புறம் வடக்கே இருக்கிற ரிசர்வ் காட்டு மலைகள் அவர்கள் கண்ணில் பட்டன. வேலை ஒன்றும் இல்லாமல், நடப்பதற்காகவே நடக்கிற மனிதர்களை எங்கள் ஊர் அந்த வருஷம்தான் முதலில் பார்த்தது.

அப்போது நான் அவர்களை மதித்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் படி மிதித்த முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. தேறி எட்டு மாதமாகச் சும்மா இருந்தேன். நைனா கூலிக்கு ஏர் ஓட்டினார். அக்காவின் புருஷன், பாவா, காட்டில் பட்ட மரம் பொறுக்கித் தலைச்சுமையாகக் கொண்டுவந்து ஊரில் விற்றுக்கொண்டிருந்தார். அந்த வருஷம் அவர் காலில் கத்தி இறங்கி, புண் ஆறாமல் கிடந்தார். விறகு எடுக்கக் காட்டிலாகா கொடுத்த பாஸை அக்கா பேருக்கு மாற்றி, அக்காதான் மலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு குழந்தைகளும் பாவாவும் அந்த ஒரு பாஸை நம்பித்தான் இருந்தார்கள்.

நடைக்காரர்களுக்குத் தலைவர் ஒரு ரிட்டையரான வக்கீல். சீமையில் படிக்கும்போது அங்கே ஏரிகள் நிறைந்த மலைநாட்டில் நடந்தாராம். அந்த நடையை இன்னும் முடிக்காதவர் போலவே பேசுவார். இங்கிலீஷ் தெரிந்த உள்ளூர்ப் பையன் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். காட்டுக்குள் நாலு நடைவழி கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மைல், எங்கே நின்றால் என்ன காட்சி என்று நான் எழுதித் தரவேண்டும். காட்டிலாகா ஆபீசர் அவருக்குச் சிநேகிதர். அந்த ஆபீசில் குமாஸ்தா வேலை ஒன்று காலியாகப் போகிறது, ஒரு கடிதம் தருகிறேன் என்றார். நான் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு தலையாட்டினேன்.

எனக்குக் காடு தெரியாது. படிக்கிற பிள்ளை கெட்டுப்போவான் என்று என்னை அங்கே விட்டதில்லை. அக்காவிடம்தான் கேட்டேன். அவளுக்கு மைல் கணக்கு இல்லை. இத்தனையாவது இறக்கம் என்பாள். சுமையை இறக்கி வைத்து மூச்சு வாங்குகிற இடத்துக்கு இறக்கம் என்று பேர். பாறை தலை உயரத்துக்கு இருக்கவேண்டும், காற்று வரவேண்டும், பாதை அகலமாக இருக்கவேண்டும். அப்படிப்பட்ட இடம் எல்லாமே மலை விளிம்பில்தான் இருந்தது. நான் அவள் சொன்ன இறக்கங்களை ஒவ்வொன்றாக இங்கிலீஷில் காட்சி முனை என்று எழுதிக்கொண்டு போனேன். வக்கீல் அந்த முனைகளுக்குச் சீமையில் உள்ள ஊர்ப் பேர்களை வைத்தார். எழுதின நோட்டைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

போன வழியே திரும்பி வரக்கூடாது என்பது அவர்களுக்கு ஒரு விரதம். பார்த்த காட்சியைத் திரும்பப் பார்த்தால் சுவை போய்விடுமாம். அதற்காக இரண்டாம் நம்பர் நடையை ஒரு வளையமாகப் போட்டுக் கொடுத்தேன். ஏறுவது சுமைக்காரிகள் பாதை, இறங்குவது ஓடைப் பக்கம். அக்கா இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "சும்மா போறவனுக்கு இன்னாத்துக்குடா ரெண்டு வழி?" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் வந்தார்கள். கான்வாஸ் பூட்ஸ், காக்கி அரை டிராயர், கையில் பிரம்பு. ஒருவர் கழுத்தில் தூரக்கண்ணாடி. கடைசியில் வக்கீல் வீட்டுச் சமையல்காரர், தலையில் டிபன் கூடையோடு. முன்னால் நான், வக்கீலின் சர்வே படத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு. இரண்டாவது முனையில் நின்று கீழே ஊரைப் பார்த்தார்கள். வீடுகளுக்கு மேலே வெள்ளையாக ஒன்று படிந்திருந்தது. காலைப் பனி என்று ஒருவர் மெய்மறந்தார். அது அவர்கள் வீட்டு வெந்நீர் அடுப்புகளின் புகை. எரிந்துகொண்டிருந்தது இந்த மலையின் விறகு. சொல்லலாமா என்று நினைத்தேன். கடிதம் ஞாபகம் வந்தது, சொல்லவில்லை.

மூன்றாவது முனைக்குக் கொஞ்சம் கீழே, பாறை எதுவும் இல்லாத சரிவில், அக்கா தனியாக நின்றுகொண்டிருந்தாள். அவள் சுமை தரையில் கிடந்தது. கட்டின கொடி அறுந்து விறகு சிதறியிருக்கிறது. திரும்பப் பொறுக்கிக் கட்டி முடித்திருந்தாள். கூட வந்த பெண்கள் தலையில் பாரத்தோடு முன்னால் போய்விட்டார்கள். பாரம் இருப்பவள் குனிந்து இன்னொருத்தி பாரத்தைத் தூக்க முடியாது.

அந்தப் பாதையில் ஒரு முறை உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை. வெறுங்கையோடு வருகிறவன், சுமை இறக்கி நிற்கிறவர்களுக்குத் தூக்கிவிட்டுத்தான் தாண்டவேண்டும். சண்டைக்காரனானாலும் சரி. பேச்சு நின்றுபோன பங்காளிகள்கூட, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு தூக்கிவிட்டுப் போவார்கள். ஆடு திருடப் போகிறவன் தூக்கிவிட்டுப் போனான் என்று அக்கா ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

அக்கா சும்மாட்டைத் தலையில் சரிசெய்துகொண்டு, ஒரு கையைச் சுமையின் பக்கம் காட்டி, மற்றதை வக்கீலை நோக்கி நீட்டினாள். வக்கீல் நின்றார். பையைத் துழாவினார். ஒரு நாலணாவை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு நடந்தார். மற்ற நாலு பேரும் அவளைச் சுற்றிக்கொண்டு, விறகு துணியில் படாமல், ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். பத்து கைகள், பிரம்பும் தூரக்கண்ணாடியும் தவிர ஒன்றும் இல்லாத கைகள். சமையல்காரர் மட்டும் நின்று ஏதோ சொன்னார். அவர் தலையில் கூடை இருந்தது.

முன்னால் போன நான், நடையை நிறுத்தக்கூடாது என்று அவளை ஏற்கெனவே தாண்டி மேலே வந்திருந்தேன். திரும்பிப் பார்த்தேன். இருபது அடி இருக்கும். இறங்கப் போனேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஒரு அடி வைத்தேன். மேகம் ஏறுவதற்குள் நகரி மலையில் மூக்கு மாதிரி நீட்டி நிற்கிற முகட்டைப் பார்த்துவிட வேண்டும், சீக்கிரம் வா என்று வக்கீல் கூப்பிட்டார். சமையல்காரர் கூடையை இறக்கிவிட்டுத் தூக்கிவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கூடையை இறக்கவே இரண்டு பேர் வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

மூக்கைப் பார்த்தார்கள். அது அங்கேயேதான் இருந்தது. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார், அதாவது பார்த்ததை மூடிவைத்து ரசித்தார். மனித வாசனையே இல்லாத இடம் என்று வக்கீல் நோட்டில் குறித்துக்கொண்டார். இட்டிலி சாப்பிட்டார்கள். பிறகு என் வளையத்தின்படி ஓடைப் பக்கமாக இறங்கினோம்.

காட்டு கேட்டில் காவல் இருக்கிற கார்டு காலை பத்து மணிக்குப் பூட்டிவிடுவான். அதற்கப்புறம் வருகிற விறகு பாஸ் விறகு இல்லை, திருட்டு விறகு. அக்கா சுமையை உருட்டி உருட்டி, மூன்றாவது முனைப் பாறைவரை மேலே தள்ளிக்கொண்டு போய், அதன் மேல் நெம்பி ஏற்றி, அடியில் தலையைக் கொடுத்துத் தூக்கியிருக்கிறாள். கீழே வந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கார்டு விறகையும் எடுத்துக்கொண்டான், பாஸையும் எடுத்துக்கொண்டான்.

சாயங்காலம் நான் போனபோது அவள் அழுதுகொண்டிருக்கவில்லை. பாவா காலை நீட்டி உட்கார்ந்து, கார்டின் வம்சத்தையே தெலுங்கில் திட்டிக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்து, "அந்தப் பெரியவரு தூக்கி உடமாட்டாருன்னு மூஞ்சப் பாத்தாலே தெரிஞ்சிச்சி. நீ வருவேன்னு பாத்துகினே இருந்தேண்டா" என்றாள். நாலணாவை மாடத்தில் வைத்திருந்தாள். அதை யாரும் தொடவில்லை.

மறுநாள் காலையில் வக்கீலிடம் போனேன். சாய்வு நாற்காலியில் நடை அனுபவத்தைப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தார். நேற்று வழியில் நின்றது என் அக்கா என்று சொன்னேன். முதலில் புரியவில்லை, புரிந்ததும் கொஞ்சம் முகம் சுளித்தார். காசு கொடுத்தேனே என்றார். அவள் காசு கேட்கவில்லை, தூக்கிவிடச் சொன்னாள் என்றேன். அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. தன்னைப் போல ஒருவர் விறகுக் கட்டைத் தூக்கிவிடுவார் என்று ஒருத்தி நினைத்திருக்கிறாள் என்பதே வேடிக்கை. அவர் கெட்டவர் இல்லை. நான் அவரை இன்றுவரை கெட்டவர் என்று சொன்னதில்லை. அவர் கைக்கு அப்படி ஒரு உபயோகம் உண்டு என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். நாற்பது வருஷம் மலைகளில் நடந்தும் ஒரு மனிதனுக்கு இது தெரியவில்லை என்றால் அந்த நடைக்கு என்ன பேர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பாஸ் பறிபோனதைச் சொன்னதும், ஆபீசருக்கு எழுதுகிறேன் என்றார். ஆனால் ஒரே ஆளிடம் இரண்டு உதவி கேட்பது மரியாதை இல்லை. உன் வேலையா, அவள் பாஸா, யோசித்துச் சொல் என்றார்.

"பாஸ்தாங்க" என்றேன். யோசிக்கவில்லை என்று பெருமையடிக்க மாட்டேன். சரிவில் யோசித்ததே போதும் என்று இருந்தது.

கடிதத்தை ஒட்டாமல் கொடுத்தார். தெருமுனைக்கு வந்து படித்தேன். நல்ல இங்கிலீஷ். என் கூட்டத்தாரிடம் பிச்சை கேட்டு நின்றதால் தாமதமான ஒரு ஏழைப் பெண், தயவு செய்து இந்த ஒரு தடவை மன்னிக்கவும் என்று இருந்தது. பிச்சை என்பதற்கு அவர் போட்டிருந்த வார்த்தையில் ஒரு கனிவுகூட இருந்தது. அந்தக் கனிவைத்தான் என்னால் இன்றும் சகிக்க முடியவில்லை.

நேராக ஆபீசுக்குப் போகவில்லை. அக்காவிடம் போய், வரிக்கு வரி தமிழில் சொன்னேன். படித்தவன் செய்யக்கூடியது அது ஒன்றுதான் என்று தோன்றியது. இதைக் கிழித்துவிடலாம், நானே ஒரு மனு எழுதுகிறேன், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன் என்றேன். பாவாவும் கிழி என்றார்.

அக்கா குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"நீ எழுதுனா எவன் படிப்பான்?" என்றாள். "அந்த ஆளு எழுதுனாத்தான் கையெழுத்துப் போடுவான். இத்தையே எடுத்துகினு போய்க் குடு. அங்க போயி நாயம் பேசாத. வாய மூடிகினு நில்லு."

"பொய்யி எழுதிக்கீறாருக்கா."

"ஆங். கேட்டேன். போய்க் குடுத்துட்டு வா."

ஆபீசர் கடிதத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். வக்கீல் முன்பே என்னைப்பற்றிச் சொல்லியிருந்தார் போலும். குமாஸ்தா வேலைக்குச் சொன்ன பையன் நீதானே என்றார். ஆமாம் என்றேன். இந்தப் பெண் யார் என்றார். கூடப்பிறந்த அக்கா என்றேன். அவர் பேனா நின்றது. பிச்சைக்காரியின் தம்பியை நாளைக்குத் தன் ஆபீசில் நாற்காலி போட்டு உட்காரவைப்பதை அவர் யோசித்துப் பார்த்தது அப்பட்டமாகத் தெரிந்தது. எனக்கு இங்கிலீஷில் முழு வாக்கியமே தொண்டைவரை வந்தது. பள்ளிக்கூடத்தில் பதினோரு வருஷம் கற்றுக்கொண்ட அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவர் பாஸில் கையெழுத்துப் போட்டார். வேலையைப்பற்றி அப்புறம் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து பாஸைக் கொடுத்தேன். அக்கா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"வாயத் தொறந்தியா?"

"இல்லக்கா."

அவள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கத்தியைத் தீட்டக் கல்லைத் தேடினாள். நாளைக்குக் கொடி வேண்டாம், கயிறு கட்டிக்கொண்டு போகிறேன் என்று பாவாவிடம் சொன்னாள்.