சக்கரம் கிட்டிய சேதி

போர் ஓய்ந்த பிறகும் அண்ணன் பனிமலைப் பக்கம் ராணுவ ஹெலிகாப்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். நான் வண்டிப்பெரியாருக்கு மேலே தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்தேன். ஒரு மழை நாளில் எஸ்டேட் ஆபீசுக்கு எனக்குப் போன் வந்தது. மறுமுனையில் யாரோ சர்க்கார் அலுவலர், மலையாளத்தில் பேசினார். இரைச்சலுக்கு நடுவே ஹெலிகாப்டர் என்று கேட்டது, மலை என்று கேட்டது. அப்புறம் தெளிவாக ஒன்று: "சேட்டனு சக்ரம் கிட்டி." அத்தோடு லைன் போய்விட்டது.

அண்ணனுக்கு வீர் சக்ரா பதக்கம் கிடைத்திருக்கிறது என்று அந்தப் புண்ணியவான் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். என் காதில் விழுந்தது வேறு. ஹெலிகாப்டர் நொறுங்கிவிட்டது, தேடியதில் சக்கரம் மட்டும் கிட்டியிருக்கிறது.

கத்திக்கொண்டே தேயிலைச் சரிவில் இறங்கி ஓடினேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு என் பின்னால் வந்தார்கள். எங்கள் லயத்து வீடுகள் முழுக்க ஒப்பாரி. நான் இரண்டு முறை மயங்கி விழுந்தேன். இரண்டாவது முறை, ஈரமில்லாத இடமாகப் பார்த்து விழுந்தேன் என்று பக்கத்து வீட்டு அத்தை இன்றைக்கும் சொல்லும். சாயங்காலம் ஆபீஸ் கிளார்க் விசாரித்துக்கொண்டு லட்டோடு வந்து சேர்ந்தார். அழுத வாயாலேயே எல்லோரும் தின்றார்கள்.

அம்மா மட்டும் அழவும் இல்லை, தின்னவும் இல்லை. "அத எதுக்குக் குடுத்தாவளாம்?" என்று கிளார்க்கைக் கேட்டாள். எதிரியை அடித்ததற்கு என்றார் அவர்.

"அடிச்சதுன்னா?"

கிளார்க் குடையை எடுத்துக்கொண்டார்.

அண்ணன் லீவில் வந்தபோது அதே கேள்வியை அவனிடமும் கேட்டாள். "சும்மா வண்டி ஓட்டுனதுக்குத்தாம்மா" என்றான். அவள் நம்பவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை. சோறு போடும்போது அவன் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவனுக்கும் அது தெரியும், தலை நிமிராமல் சாப்பிடுவான். டீக்கடையில் எத்தனை பேரைச் சுட்டான் என்று பெருமையாக விசாரிப்பார்கள். அம்மா அந்தக் கடை வழியாகப் போவதையே நிறுத்திவிட்டாள். பெற்ற பிள்ளை ஆளைக் கொன்றானா இல்லையா என்று அவன் வாயால் ஒரு வார்த்தை வேண்டும், அவ்வளவுதான். அது வரவே இல்லை. லீவு வரவர சுருங்கியது. இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து நான் கோமாளித்தனம் பண்ணினேன். இரண்டு பேருமே என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்து அல்ல.

அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றதும் பீர்மேடு பாதையில் சின்னதாக வீடு எடுத்துத் தனியாக இருந்தான். போன மழைக்காலத்தில் நுரையீரல் கெட்டுப்போய்ச் செத்தும் போனான்.

மரியாதை செய்ய ராணுவத்திலிருந்து வந்திருந்தார்கள். பதக்கங்களை வைக்க ஒரு குஷன் வேண்டும் என்றார் அதிகாரி. நான் இப்போது டூரிஸ்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறவன். எங்களுக்குக் குஷன் என்றால் வண்டி சீட்டுத்தான். பதற்றத்தில் ஸ்பேனர் எடுத்து முன்சீட்டைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு வந்து நின்றேன். அதிகாரி சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யாரோ உள்ளே போய்த் தலையணை எடுத்து வந்தார்கள்.

அண்ணனோடு பறந்தவர் ஒருவர் வந்திருந்தார், மலையாளி. அம்மா அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேவிட்டாள். நான் சாயா வேணுமா, வெந்நீர் வேணுமா என்று குறுக்கே புகுந்து பார்த்தேன். "நீ சும்மா கெடலே" என்றாள். அவர் மறைக்கவில்லை. காலையில் ஒரு மலைமுகட்டில் ராக்கெட் அடித்தோம், மதியம் அதே மலைக்குக் கீழே போய் அடிபட்ட நம் ஆட்களைத் தூக்கி வந்தோம், பதக்கம் இரண்டுக்கும் சேர்த்துத்தான் என்றார்.

"மேல எத்தன பேரு இருந்தாவ தம்பி?"

தெரியாது என்றார். மேலிருந்து பார்த்தபோது கூடாரங்கள் தெரிந்தன, திரும்பி வரும்போது தெரியவில்லை.

கடைசியில் கொடியை மடித்துக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டாள். தொப்பியை வாங்கிக்கொண்டாள். பதக்கங்களை நீட்டியபோது கை வரவில்லை. அதிகாரியின் கை அந்தரத்தில் நின்றது. ஊரே பார்க்கிறது. பாய்ந்து பிடுங்காத குறையாக நான் வாங்கினேன்.

பிறகு பல வாரங்கள் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒருநாள் காலையில், அண்ணனோடு பறந்த அந்த மலையாளிக்குப் போன் போடச் சொன்னாள்.

"அன்னைக்கு எறங்கி வந்த பொறவு அவன் சாப்ட்டானான்னு கேளு."

இதற்கா போன் என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். அவர் சொன்னார். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அம்மாவிடம் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றான். கூடாரங்களைப் பற்றி அதற்குப் பிறகு பேசவே இல்லை.

ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் அம்மாவிடம் அப்படியே சொன்னேன்.

பீரோவிலிருந்து பதக்கத்தை எடுத்துவரச் சொன்னாள். கொண்டுவந்தேன். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

"சொல்லியிருந்தாம்னா நான் அவங்கூட உக்காந்திருப்பேன்லா" என்றாள். "திட்டியிருப்பேன். திட்டிக்கிட்டே உக்காந்திருப்பேன்."

ஜீப்புக்கு ஹேண்ட்பிரேக் போட்டேனா என்று பார்த்து வருகிறேன் என்று வெளியே எழுந்து போனேன். போட்டுத்தான் இருந்தது. வெகுநேரம் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.