கப்பலுக்குப் பக்கத்தில் நின்றவள்

வேப்பந்தட்டை தாலுகா ஆபீசில் இருந்தபோது, மழையில் இடிந்த வீடுகளைப் போட்டோ எடுப்பதும் என் வேலை. சேதத்தின் அளவு தெரிவதற்காக வீட்டுக்காரரைப் பக்கத்தில் நிறுத்துவோம். சுவர் முழுதாகப் படத்தில் வர வேண்டும். ஆளின் முகம் தெரியாவிட்டால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஓய்வு பெற்றபின் மனைவியோடு நாகப்பட்டினம் பக்கம் போனேன். கடற்கரையில் ஒரு சரக்குக் கப்பல் தரைதட்டித் துருப்பிடித்துக் கிடந்தது. அவளை அதன் அருகே நிறுத்திவிட்டு, நான் பின்னால் நகர்ந்துகொண்டே போனேன்.

"இன்னும் எவ்வளவு தூரம் போவீங்க? என் மூஞ்சி தெரியுமா?" என்று கத்தினாள்.

"நீ நின்னாத்தான் கப்பலோட அளவு தெரியும்."

"இதுக்கா கூட்டியாந்தீங்க? ஒரு மூங்கிலை நட்டிருக்கலாம்ல!"

போன மாதம் அவள் இறந்துபோனாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு படம் தேவைப்பட்டது. என் செல்போனில் இருந்த எல்லாப் படங்களிலும் அவள் எதற்காவது அளவாகவே நின்றிருந்தாள். அரியலூர் ஸ்டுடியோக்காரர் கப்பல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"மூஞ்சி கலங்குதுங்க சார். கப்பல் நல்லா வந்திருக்கு."

கடைசியில் ஆதார் அட்டையில் இருந்த படத்தையே பெரிதாக்கி மாட்டினோம். அதில் அவள் சிரிக்கவில்லை. அந்தப் படம் எடுத்த அன்றைக்குச் சிரிக்கக் கூடாது என்று அவளுக்கு விதியைச் சொன்னவன் நான்தான்.