பூக்கார அக்காவின் ஜெபம்

ஈரத்துணியில் சுற்றிய மல்லிகையோடுதான் அக்கா ஜெபத்துக்கு வருவார். திண்டுக்கல் பேருந்து நிலையத்தருகே பூ விற்றவர். எங்கள் தெருவின் அன்பியத்தை, அதாவது வாரந்தோறும் ஒரு வீட்டில் கூடி பைபிள் வாசித்து ஜெபிக்கும் குழுவை, அவர்தான் நடத்தினார். பங்குச்சாமியார் ஆண்டுக்கு ஓரிரு முறை எங்கள் தெருவுக்கு வந்தால் பெரிது. காய்ச்சலில் கிடப்பவர், கோவிலை மறந்தவர் என ஒவ்வொருவர் வாசலிலும் போய் நின்றவர் அக்காதான். எழுதப் படிக்கத் தெரியாது. யாராவது வாசிக்கக் கேட்டு, அதைத் தன் வாயால் திரும்பச் சொல்வார்.

ஒரு கூட்டத்தில் காணாமல்போன ஆட்டின் கதையைச் சொன்னார். "ஏசப்பா தேடிக்கிட்டு சிறுமலைக்கே ஏறிட்டாரு. காலெல்லாம் முள்ளு. ஒத்த ஆட்டுக்கு எதுக்கு இம்புட்டுப் பாடுன்னு கேக்குறாக. அது எம் புள்ளைய்யாங்குறாரு."

பள்ளி ஆசிரியனான எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, அது உவமை. தேடிப் போனது ஒரு மேய்ப்பன். நம்மூருச் சிறுமலை எங்கக்கா வந்துச்சு? ஏசு மினிபஸ்லயா போனாரு?"

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்து, "படிச்சவுக சொன்னா சரிதான் சார்" என்றார். அடுத்த வாரமும் அவரே பாய் விரித்தார், மெழுகுவர்த்தி ஏற்றினார். தன் முறை வந்ததும், "அடுத்தவுக சொல்லுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டார். அதன்பின் பல மாதங்கள் அப்படித்தான். அப்போது அது எனக்கு உறுத்தவே இல்லை.

போன மழைக்காலத்தில் என் மகளுக்கு டெங்கு வந்தது. ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. மூன்றாம் நாள் மதியம், பார்வையாளர் நேரத்தில், அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலருகே நான் ஜெபிக்க முயன்று, முதல் வரியைத் தாண்ட முடியாமல் நின்றிருந்தேன்.

"அக்கா, நீங்க ஜெபம் சொல்லுங்க."

அவர் பின்வாங்கினார். "வேணாம் சார். நான் எதையாச்சும் தப்பாச் சொல்லிருவேன். புள்ளைக்கு ஆகாமப் போயிறக் கூடாது."

சரியான சொற்கள் அத்தனையும் அறிந்த நான், என் பிள்ளைக்காக ஒன்றையும் சொல்ல முடியாமல் அழுதேன். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். "ஏசப்பா, இங்க வாங்க. சார் பயந்து கெடக்காரு. பக்கத்துல உக்காருங்க, போயிராதீங்க."

"மெதுவாப் பேசுங்கம்மா" என்று நர்ஸ் அதட்டினார். பக்கத்துக் கட்டிலில் தன் பிள்ளையோடு இருந்த முஸ்லிம் தாய், "எங்க புள்ளைக்கும் துஆ பண்ணுங்கக்கா" என்றார். பெயரைக் கேட்டுக்கொண்டு அக்கா அங்கே நகர்ந்தார். பிரசங்கம் எதுவும் செய்யவில்லை.

என் மகள் பிழைத்தாள். இன்றும் காலையில் எழுந்ததும் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். அக்காவிடம் எல்லார் முன்னும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன். போன மாதம் திடீரென நெஞ்சுவலியில் அக்கா போய்விட்டார்.

அவர் இல்லாத முதல் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. "அக்கா வாயை அடைச்சது நான்தான்" என்று எல்லாரிடமும் சொன்னேன். கூட்டத்தில் வாயே திறக்காத என் மகள் கண்களை மூடி ஜெபிக்கத் தொடங்கினாள். பாதியில் வார்த்தைகள் தடுமாறி முன்னும் பின்னுமாயின. அவள் முடிக்கும்வரை நான் எதையும் திருத்தாமல் தலைகுனிந்து இருந்தேன்.