கோமதி அத்தையின் ஓட்டு

சிதம்பரத்தில் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். விரலில் வைத்த மையின் வாடை என்னைப் புவனகிரிப் பள்ளிக்கூட வாசலுக்குக் கொண்டுபோனது.

அப்பாவின் தங்கை கோமதி அத்தைக்கு எதுவும் மெதுவாகத்தான் புரியும். தெருவில் அரைப்பைத்தியம் என்பார்கள். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது, அந்தப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப்பதிவு நடந்த ஒரு நாள், வாசலில் கட்சி ஏஜெண்ட் ஒருவர் அத்தையை மறித்தார்.

"இவுங்களுக்கு என்னா தெரியும்? வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

அப்பா தலையைக் குனிந்துகொண்டு அத்தையின் கையைப் பிடித்து இழுத்தார். அத்தை உதறிவிட்டு, வாசற்படியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எம் பேரு இருக்குதுல்ல? ஓட்டுப் போடாம எந்திரிக்க மாட்டேன்."

வரிசை நகரவில்லை. வெயிலில் நின்ற பெண்கள், "அவுங்கள உள்ள வுடுங்கய்யா!" என்று கத்தினார்கள். கடைசியில் அதிகாரியே வந்து அத்தையை உள்ளே அழைத்துப் போனார்.

வெளியே வந்ததும் அப்பா, "யாருக்கும்மா போட்ட?" என்று கேட்டார்.

"அத நான் ஏண்ணே சொல்லணும்?" என்று சொல்லிவிட்டு, அத்தை எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார்.