மாப்பிள்ளையின் சஹனில் உட்காராதவன்

சாய்ந்தமருது அபூசாலியின் மகன் றஊப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டம் எடுத்ததும் ஊரே அவனை டொக்டர் ஆக்கிவிட்டது. "டொக்டர் இல்ல, இரத்தம் சளி சோதிக்கிற படிப்புத்தான் இனிப் படிக்கப் போறன்" என்று அவனும் சொல்லிப் பார்த்தான். கேட்டால்தானே! லீவில் வந்தால் வயிற்றுவலிக்காரரெல்லாம் அவன் வாசலில்தான் நிற்பார்கள்.

கொழும்பு ஆய்வுகூடத்தில், சாயமேற்றப் பழகும் மாணவர்கள் முதலில் தங்கள் சளியையே கண்ணாடித் துண்டில் தடவிப் பார்ப்பார்கள். கிருமி எதுவும் இராது. கை பழகும், அவ்வளவுதான். ஐம்பத்தாறாம் ஆண்டில் ஒரு காலை, றஊபின் கண்ணாடியில் நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகளாய்க் கிருமி தெரிந்தது. யாருடையதோ மாறிவிட்டது என்று நினைத்து, மறுபடி இருமித் துப்பிச் சாயமேற்றினான். அதே சிவப்பு. சயரோகம் அவனுக்கேதான்.

ஆஸ்பத்திரியில் கட்டில் ஒதுக்கினார்கள். ஆனால் அடுத்த கிழமை தங்கை சுபைறாவுக்குக் கலியாணம். அவள் காக்கா என்று கூப்பிடும் ஒரே அண்ணன் வராவிட்டால் ஊர் துருவித் துருவி விசாரிக்கும். பெண்வீட்டில் சயம் என்று காதில் விழுந்தால் போதும், மாப்பிள்ளை வீட்டார் அன்றைக்கே கைகழுவிவிடுவார்கள். நோயாளியை விட நோயின் பெயருக்குப் பயந்த காலம் அது. றஊப் போனான். வாயைத் திறப்பதில்லை, யாரையும் நெருங்குவதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டே போனான்.

கலியாண விருந்துக்குச் சஹன் வைத்தார்கள். ஆறு பேர் வட்டமாக இருந்து ஒரே பெரிய தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவது வழக்கம். மாப்பிள்ளை கலந்தர் தன் பக்கத்தில் இடம் விட்டான்.

"வாங்க மச்சான். நீங்க கை வெச்சாத்தான் நான் தொடங்குவன்."

றஊப் வாசலோரமே நின்றான். "எனக்குத் தனிப் பீங்கான்ல கொஞ்சம் போட்டுத் தந்தாப் போதும்."

கலந்தர் அவனைக் கூப்பிட நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டான். அபூசாலிக்கு முகம் கறுத்தது.

"கொழும்புக்குப் போய்ப் பெரிய மனிசனாகிட்டியோ? எங்கட கை பட்ட சோறு ஒனக்கு அருவருக்குதா?"

திரைக்குப் பின்னாலிருந்து சுபைறாவின் குரல் கேட்டது. "காக்கா, எனக்காக ஒரு வாய்."

ஒரு சொல் சொன்னால் அவன் மானம் தப்பும்; அவள் கலியாணம் நின்றுவிடும். "ஏலாது தங்கச்சி" என்றான்.

"இனி இந்த வாசல்ல கால் வைக்காத" என்றார் வாப்பா அபூசாலி. றஊப் பெட்டியை எடுத்துக்கொண்டு, கொழும்பு ஆஸ்பத்திரிக்குத் திரும்ப மட்டக்களப்பு பஸ் ஏறினான்.

இரண்டு வருசம் யாரும் தேடவில்லை. கூடப் படித்த காரைதீவு அழகரெத்தினம்தான் மனம் கேளாமல் அபூசாலியிடம் விசயத்தைச் சொன்னான். கிழவர் விழுந்தடித்துக்கொண்டு கொழும்புக்கு வந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தவனின் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

"சுபைறா எப்பிடி வாப்பா?"

"ஆம்புளப் புள்ள கிடைச்சிரிக்கி. மாமாக்காரன் எங்க எண்டு ஆரும் கேட்டா, எனக்குக் காக்காவே இல்ல எண்டு சொல்றா." கிழவர் சால்வையால் முகத்தைத் துடைத்தார். "அவட மாமிவூட்டுக்குத் தெரிஞ்சா எண்ட பயத்துல, நானும் அவளுக்கிட்ட உண்மையக் கதைக்கல்ல மகன்."

"கதைக்காதீங்க வாப்பா. அப்பிடியே இரிக்கட்டும்."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன், வாப்பாவுக்குக் கேட்காமல் அழப் பார்த்தான். இருமல் விடவில்லை.