மாப்பிள்ளை மென்ற பிளாஸ்டிக்

1998 ஏப்ரல் 19, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, விளாங்குடி வாடகை வீட்டின் மொட்டைமாடிக்கு ஏறினேன். எவர்சில்வர் தட்டில் அது காய்ந்துகொண்டிருந்தது. மரவள்ளி மாவோடு கிளிசரினும் வினிகரும் சேர்த்துக் காய்ச்சி ஊற்றிய மெல்லிய தாள்; மண்ணில் மக்கிப்போகும் பிளாஸ்டிக். நான் கல்லூரியில் வேதியியல் ஆசிரியர். ஒரு வருடமாக ஊற்றிய தாள்களெல்லாம் காய்ந்ததும் விரிசல்விட்டு வெடித்துவிட்டன. மறுநாளுக்குள் வெடிக்காத ஒரு தாளைக் காட்டாவிட்டால் ஆய்வையே நிறுத்தச் சொல்லியிருந்தார் துறைத்தலைவர்.

இது வெடிக்கவில்லை. உரித்து வெயிலுக்கு நேரே பிடித்தேன். தென்னைகளும் தண்ணீர்த் தொட்டிகளும் அதற்குள் பால் கலந்த வெளிச்சத்தில் மிதந்தன. வைகை மணலில் குப்பைப் பைகளே இல்லாத ஒரு காலம் வந்துவிட்டதுபோல் இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ! ஓரத்தில் ஈரம் இருந்ததால், மறுபடி தட்டில் போட்டுவிட்டு இறங்கினேன். பக்கத்திலேயே வீட்டுக்கார அக்காவின் ஜவ்வரிசி அப்பளங்கள். ஜவ்வரிசியும் மரவள்ளிதான், பார்வைக்கு இரண்டும் ஒன்றே.

மதியம் மாடியில் வெறும் தட்டுத்தான் இருந்தது. கீழே அக்கா வீட்டில் புது மாப்பிள்ளைக்கு விருந்து.

"என்ன அத்தை, அப்பளமா சைக்கிள் டியூபா? இழுக்க இழுக்க வருது!"

"எம்புட்டு நேரம் போட்டாலும் பொரியவே மாட்டேங்குது மாப்பிள்ளை."

ஓடிப்போய், "அக்கா, அது பிளாஸ்டிக்!" என்றேன்.

"அடியாத்தீ! பிளாஸ்டிக்கையா பொரிச்சுப் போட்டேன்?" என்று அக்கா நெஞ்சில் கைவைத்தார். புதுப்பெண்ணான அவர் மகள் அழத் தொடங்கினாள். பாதியை விழுங்கியிருந்த மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். அதில் சேர்த்தவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"அம்புட்டும் திங்கிற சாமான்தானேண்ணே? அத்தை, ரசத்தை ஊத்துங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. காட்டுவதற்குத் தாள் இல்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக மாப்பிள்ளையைப் போய்ப் பார்த்தேன். நாலாவது இட்லியில் இருந்தார். அங்கிருந்து நேரே தல்லாகுளத்தில் இருந்த கல்லூரிக்குப் போய்த் துறைத்தலைவரிடம் நடந்ததைச் சொன்னேன். வெகுநேரம் சிரித்துவிட்டு, "தின்னவர் எப்படி இருக்கார்?" என்றார்.

"நல்லா இருக்கார் சார்."

"அப்ப அடுத்ததை ஊத்துங்க."

மக்கும் பிளாஸ்டிக்கை மண் தின்னும் என்று சொல்கிறோமே, அந்த மண்ணும் ஒரு வாய்தான் என்பது அன்றிலிருந்து எனக்கு மறக்கவில்லை.